மலையைத் தேடிய டாட்டா

1902-ம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். சார்லஸ் பேஜ் பெரின் என்ற என்ஜினீயர் தம் அலுவலகத்தில் வேலையில் மூழ்கியிருந்தார்.

கதவு திறந்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அவருடைய உடை அந்த ஊரில் யாரும் உடுத்தாத உடை. வந்தவர் மேஜைமீது சற்றுக் குனிந்து, ஒரு நிமிட நேரம் பெரினையே உற்றுப் பார்த்தார். நீங்கள்தான் பெரினா என்று கேட்டார். ஆம் என்றதும், தாம் தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டார் என்றார். இந்தியாவில் ஓர் இரும்பு ஆலை கட்டப் போகிறேன், அதற்கு நீங்கள் ஆலோசகராக வரவேண்டும், முதலில் தாதுவும் நிலக்கரியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லவேண்டும், செலவெல்லாம் என்னுடையது என்றார்.

பெரின் திகைத்துப் போனார். ஆனால் அந்தப் பெரியவரின் முகத்தில் இருந்த உறுதியும் கனிவும் அவரைக் கட்டிப் போட்டன. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வந்தவர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா. அப்போது அவருக்கு வயது 63. அவர் உயிரோடு இருக்கப் போவது இன்னும் ஒன்றரை வருஷம்தான்.

நீரோட்டம் பார்ப்பவர்

கிளியனூர்ப் பக்கம் ஒருவர் கிணறு வெட்டுகிறார் என்றால், முதலில் என்ன செய்கிறார்? நீரோட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவரை வெளியூரிலிருந்து அழைத்து வருகிறார். மரக்காணத்தில் புதிதாக உப்புப் பாத்தி கட்ட நினைப்பவரும் பழகிய கையைக் கேட்காமல் வரப்பு போடமாட்டார். தெரிந்தவரைக் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

சங்கடம் எங்கே வருகிறது? அழைத்து வந்தவர் கூலியை வாங்கிக்கொண்டு, இந்த நிலத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டால் வருகிறது. நம்மில் பலருக்குக் கோபம் வரும். இன்னொருவரைக் கூப்பிட்டு, இருக்கிறது என்று சொல்ல வைத்து, வெட்டி, கையில் இருப்பதையும் இழப்போம். இல்லை என்ற பதிலுக்கும் மனமுவந்து பணம் கொடுப்பவர்கள் குறைவு. டாட்டா அந்தச் சிலரில் ஒருவர்.

கிணற்றில் தவறினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போகும். இரும்பில் தவறினால் கோடிக்கணக்கில் போகும். இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே கடற்கரையில் தெற்கே பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே ஓர் இரும்பு ஆலை கட்டினார். அவர் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்துத் தாது நல்ல தாதுதான். ஆனால் அது தொலைவிலிருந்து வரவேண்டும். உலையில் போட மரக்கரி வேண்டும். மரமோ வெட்ட வெட்டத் தூரமாகிக்கொண்டே போனது. கணக்குக் கட்டிவரவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆலை மூடப்பட்டுவிட்டது. நல்ல தாது மட்டும் இருந்தால் போதாது என்பதற்குப் பரங்கிப்பேட்டை சாட்சி.

அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை

ஜாம்ஷெட்ஜி 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தார். பார்சி சமூகத்தவர். தலைமுறை தலைமுறையாக அக்கினி கோயிலில் பூஜை செய்துவந்த குடும்பம். தகப்பனார் நசர்வான்ஜிதான் முதன்முதலாக வியாபாரத்தில் இறங்கிப் பம்பாய்க்குப் போனார். மகனையும் அங்கே வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார்.

படிப்பு முடிந்ததும் ஹாங்காங்கில் வியாபாரம். பிறகு லண்டன். அங்கேதான் முதல் அடி விழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்திக்குப் பெரிய கிராக்கி இருந்தது. 1865-ல் போர் நின்றது. பருத்தி விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஜாம்ஷெட்ஜி கையில் வைத்திருந்த பத்திரங்கள் வெறும் காகிதங்கள் ஆயின. வேறொருவராக இருந்தால் இரவோடு இரவாகக் கப்பல் ஏறியிருப்பார். 26 வயது இளைஞரான அவர், கடன்காரர்கள் முன்னால் போய் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாதம் 20 பவுன் சம்பளம் கொடுத்து, அவரையே கணக்கைத் தீர்த்துவைக்கச் சொன்னார்கள்!

1868-ல் 21,000 ரூபாய் முதலில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பிறகு நெசவாலைத் தொழிலுக்கு வந்தார். எல்லோரும் பம்பாயிலேயே ஆலை வைத்துக்கொண்டிருந்த காலம். அவர் மட்டும் நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி அங்கே விளைகிறது, வரோரா நிலக்கரி பக்கத்தில் கிடைக்கிறது, ரெயில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. வாங்கிய இடம் ஒரு சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மேடாக்கினார். கடன் கேட்டபோது, தங்கத்தை மண்ணில் கொட்டுகிறவருக்குப் பணம் தரமாட்டேன் என்று ஒரு லேவாதேவிக்காரர் சொல்லிவிட்டார். மண்ணைக் கொட்டித் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த எம்பிரஸ் ஆலை 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. ஆலையை நடத்த அவர் பிடித்த ஆள் யார்? பெசன்ஜி மேத்தா என்ற ரெயில்வே உத்தியோகஸ்தர். நெசவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நிர்வாகம் தெரியும். நெசவு தெரிந்த ஆள் ஒருவரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார். பெங்களூரில் பட்டுப் பண்ணை வைக்க நினைத்தபோது ஜப்பானிலிருந்து ஆள் வந்தது. தமக்குத் தெரியாத தொழிலில் தெரிந்தவர் போல நடிப்பதில்லை என்பது அவர் வழக்கம்.

ஒரு அறிக்கையும் இருபது வருஷமும்

1882-ல் ஓர் அறிக்கை அவர் கண்ணில் பட்டது. வான் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் நிபுணர் எழுதியது. நாகபுரிக்குத் தெற்கே சாந்தா ஜில்லாவில் லோஹாரா என்ற இடத்தில் மிக நல்ல இரும்புத் தாது இருக்கிறது என்று அதில் இருந்தது. 43 வயது ஜாம்ஷெட்ஜிக்கு அன்று பிடித்த இரும்புப் பித்து கடைசிவரை தெளியவில்லை.

தாதுவையும் வரோரா நிலக்கரியையும் ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதனை செய்தார். தாது தேறியது. நிலக்கரி தேறவில்லை.

ஏன் தேறவில்லை? இரும்பு உலை என்பது வீட்டு உயரத்தையும் மீறிய ஒரு கோபுரம். மேலே தாதுவையும் கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் கொட்டுவார்கள். கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். மேலே இருக்கும் பாரத்தைத் தாங்காமல் கரி நொறுங்கிப் பொடியாகிவிட்டால் காற்று ஏறாது, உலை அடைத்துக்கொள்ளும். ஆகவே நிலக்கரியை முதலில் மூடிய அடுப்பில் சுட்டுக் கெட்டியான கோக் ஆக்கவேண்டும். எல்லா நிலக்கரியும் கோக் ஆகாது. வரோரா கரி ஆகவில்லை.

அதோடு சுரங்க உரிமைக்குச் சர்க்கார் விதித்த நிபந்தனைகளும் தாங்க முடியாதவையாக இருந்தன. ஜாம்ஷெட்ஜி அறிக்கையை மடித்து வைத்தார். ஆனால் தூக்கி எறியவில்லை. இரும்பைப் பற்றி எங்கே எது வந்தாலும் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தார்.

இடையில் 1893-ல் ஜப்பானிலிருந்து கனடாவுக்குப் போன கப்பலில் அவரோடு ஒரு இளம் துறவி பயணம் செய்தார். அவர் சுவாமி விவேகானந்தர். பெங்களூரில் பின்னாளில் எழுந்த விஞ்ஞானக் கழகத்துக்காக டாட்டா திட்டமிட்டபோது, அந்தச் சந்திப்பை நினைவூட்டி சுவாமிக்குக் கடிதம் எழுதினார். அது தனிக் கதை.

1899-ல் கர்சன் பிரபு காலத்தில் சுரங்க விதிகள் தளர்ந்தன. ஜாம்ஷெட்ஜிக்கு வயது 60. உடம்பில் நோய். போதும் என்று உட்கார்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஜூலியன் கென்னடி என்ற பெரிய உலை நிபுணரைக் கண்டார். ஆலைக்குப் படம் போட்டுத் தருவது என் வேலை, ஆனால் அதற்கு முன்னால் தாது, கரி, தண்ணீர், ரெயில் எல்லாவற்றையும் ஒருவர் நேரில் பார்க்கவேண்டும், அதற்கே ஏராளமாகச் செலவாகும் என்று கென்னடி எச்சரித்தார். டாட்டா பின்வாங்கவில்லை. அப்படியானால் நியூயார்க்கில் பெரின் என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார் கென்னடி. அப்படித்தான் அந்தக் கதவு திறந்தது.

சோடாவில் போட்ட தேநீர்

பெரின் முதலில் தம் கூட்டாளி வெல்ட் என்பவரை அனுப்பினார். 1903 கோடையில் வெல்ட் வந்து சேர்ந்தார். ஜாம்ஷெட்ஜியின் மூத்த மகன் தோராப்ஜியும், சகோதரி மகன் சகலத்வாலாவும் அவரோடு சாந்தாக் காட்டுக்குப் புறப்பட்டார்கள்.

மாட்டு வண்டிப் பயணம். அனல் பறக்கும் வெயில். புலி நடமாடும் காடு. நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. சில சமயம் கொண்டுபோயிருந்த சோடாவைக் காய்ச்சித் தேநீர் போட்டார்கள்!

வெல்ட் மலையைத் தட்டிப் பார்த்தார், அளந்தார், கணக்குப் போட்டார். லோஹாராவில் தாது நல்லதுதான், ஆனால் ஒரு பெரிய ஆலை பல வருஷம் ஓடும் அளவுக்குப் போதாது என்றார். ஒரு டன் இரும்புக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தாது வேண்டும். உலை ஒருதரம் மூட்டினால் இரவு பகல் அணையாது. தாது பாதியில் தீர்ந்தால் ஆலை முழுவதும் பழைய இரும்பு!

இருபத்தோரு வருஷக் கனவு ஒரே பதிலில் கலைந்தது. வெல்ட் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டினார்.

ஜாம்ஷெட்ஜி என்ன செய்தார்? கோபிக்கவில்லை. வேறு நிபுணரைத் தேடவும் இல்லை. இல்லை என்று சொன்ன அதே வெல்ட்டை நிறுத்தி வைத்தார். லோஹாரா போனால் போகட்டும், வேறு மலையைப் பாருங்கள் என்று மேலும் பணம் கொடுத்தார்.

சாந்தாவைக் கைவிடுகிறோம் என்று அதிகாரிகளிடம் சொல்லத் தோராப்ஜி நாகபுரி போனார். பார்க்கவேண்டிய அதிகாரி இல்லை. பொழுது போகவேண்டுமே என்று எதிரே இருந்த பொருட்காட்சி சாலைக்குள் நுழைந்தார். சுவரில் ஒரு மண்வளப் படம். துருக் ஜில்லாவில் இரும்பு இருப்பதாக அதில் நிறம் தீட்டியிருந்தது. உடனே வெல்ட்டை அழைத்துக்கொண்டு அங்கே ஓடினார். தல்லி, ராஜஹரா என்ற மலைகள். ஏறும்போதே காலடியில் உலோகம் போல ஓசை கேட்டதாம்! நூறு பங்கில் 60 பங்குக்கு மேல் இரும்பு.

ஆனால் பக்கத்தில் போதிய தண்ணீர் இல்லை. கோக் ஆகும் கரியோ வெகுதூரம். இந்த மலையையும் தள்ளி வைக்கவேண்டியதாயிற்று.

ஓய்வு பெற்றவரின் கடிதம்

அந்தப் படத்துக்கு நிறம் தீட்ட ஆதாரமான ஆராய்ச்சியைச் செய்தவர் ஒரு வங்காளி. பெயர் பிரமதநாத் போஸ். லண்டனில் படித்துச் சர்க்காரின் மண்வளத் துறையில் சேர்ந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் காடு மேடெல்லாம் சுற்றினார். துறைத் தலைவர் பதவி வந்தபோது, தம்மைவிட இளைய ஓர் ஆங்கிலேயருக்கு அதைக் கொடுத்தார்கள். போஸ் 1903-ல் வேலையை விட்டு வெளியே வந்தார். மயூர்பஞ்சு சமஸ்தானத்து மகாராஜா அவரைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அங்கே கோருமகிசானி என்ற மலையில் ஏராளமான இரும்பை போஸ் கண்டார்.

1904-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி அவர் டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் தாது இருக்கிறது, ஜாரியா நிலக்கரி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிவித்தார்.

கடல் கடந்து வந்தவர்கள் தேடியதை உள்ளூரில் ஒதுக்கப்பட்டவர் ஒரு தபாலில் அனுப்பிவிட்டார்! அதனால் அமெரிக்கர்கள் வந்தது வீணா? இல்லை. கடிதம் சொன்னது மலை இருக்கிறது என்பதை. அந்த மலையை ஆலையாக்குவது எப்படி என்பது வேறு கேள்வி.

ஆனால் பதிலைக் கேட்க ஜாம்ஷெட்ஜிக்கு நாள் இல்லை. அந்த மார்ச்சில் மனைவி ஹீராபாய் காலமானார். உடல் நலிந்து ஐரோப்பாவுக்குப் போயிருந்த அவர், 1904-ம் ஆண்டு மே 19-ந் தேதி ஜெர்மனியில் நௌஹைம் என்ற ஊரில் கண்ணை மூடினார். தம் ஆலையில் உருக்கிய ஓர் இரும்புத் துண்டைக்கூட அவர் பார்க்கவில்லை.

மலையிலிருந்து உலைவரை

தோராப்ஜி தகப்பனார் விட்ட இடத்தில் பிடித்தார். பெரினும் வெல்ட்டும் கோருமகிசானிக்குப் போனார்கள். அங்கே ஆழச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை என்று கண்டார்கள். தாது மலை முதுகிலேயே கிடந்தது. சரிவுகளில் கட்டி கட்டியாக உதிர்ந்தும் கிடந்தது. மேலே வெட்டிக் கீழே இறக்கினால், பாரம் தானே இறங்கும். அடிவாரத்தில் ரெயில் காத்திருந்தால் போதும்.

பிறகு கேள்வி, ஆலை எங்கே? தாதுவின் பக்கத்திலா, கரியின் பக்கத்திலா? உலைக்கும் நகரத்துக்கும் தண்ணீர் எங்கே? இதுதான் நிபுணர்கள் சம்பளம் வாங்கிய இடம். மலை, கரி, சுண்ணாம்புக் கல், ஆறு, தண்டவாளம், துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கோத்துப் பார்த்தார்கள். பரங்கிப்பேட்டையில் விட்டுப்போன கணக்கு அதுதான்.

1907-ல் சாக்சி என்ற சின்ன ஊர் அகப்பட்டது. சுவர்ணரேகா, கர்க்காய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். கல்கத்தா போகும் ரெயில் பக்கத்தில். கோருமகிசானி சுமார் 40 மைல். ஜாரியா நிலக்கரி நூறு மைலுக்கு மேல். கரிதான் தூரம், ஆனால் வழி முழுவதும் ரெயில்.

நம் பக்கத்திலும் பின்னாளில் இப்படி ஒன்று நடந்தது. தென்னார்க்காட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் துளை போட்டுக் கண்டு அளந்தவர்கள் நம்மவர்கள். 1950-களில் பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் கம்பெனி திட்ட அறிக்கை எழுதியது. மண்ணை வாரும் ராட்சத யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை இறைத்துக்கொண்டே வெட்டும் முறை வகுத்த பிறகுதான் சுரங்கம் சாத்தியமாயிற்று. 1957-ல் நேரு வந்து வேலையைத் தொடங்கி வைத்தார்.

மூன்று வாரத்தில் முதல்

சாக்சிக்குப் பணம்? லண்டனில் கேட்டார்கள். கை விரித்தார்கள். சரி, நம் மக்களையே கேட்போம் என்று 1907 ஆகஸ்டில் பம்பாயில் பங்கு விற்றார்கள். அப்போது சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்தது. காலை முதல் இரவுவரை கம்பெனி வாசலில் கூட்டம் மொய்த்தது. மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் 16 லட்சத்து 30 ஆயிரம் பவுன் மூலதனத்தையும் கொடுத்துவிட்டார்கள்! பிறகு நடைமுறைச் செலவுக்குக் குவாலியர் மகாராஜா 4 லட்சம் பவுன் தந்தார்.

டாட்டா தண்டவாளம் செய்தால் அதை ராத்தல் ராத்தலாகத் தின்று காட்டுகிறேன் என்று ரெயில்வே போர்டுத் தலைவர் அப்காட் கேலி செய்ததாக ஒரு கதை அந்நாளில் பிரசித்தம். 1911-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி முதல் இரும்பு உருகி ஓடியது. 1912 பிப்ரவரியில் எஃகு வந்தது. முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கு 1,500 மைல் நீளத் தண்டவாளம் சாக்சியிலிருந்து போயிற்று. துரை சொன்னபடி தின்றிருந்தால் அவருக்குக் கொஞ்சம் அஜீரணம் வந்திருக்கும் என்று தோராப்ஜி சிரித்தாராம்.

1919-ல் செம்ஸ்போர்டு பிரபு அங்கே வந்து, சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். அந்த நகரத்துத் தெருக்கள் அகலம், நிழல் தரும் மரங்கள் அதிகம், விளையாட இடம் உண்டு, கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் இடம் உண்டு. இப்படியெல்லாம் இருக்கவேண்டும் என்று 1902-லேயே ஜாம்ஷெட்ஜி மகனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஊர் எது என்றே தெரியாத காலத்தில்!

போஸ் 1934 வரை வாழ்ந்து, தாம் சொன்ன மலை ஆலைக்கு இரும்பு கொடுப்பதைக் கண்ணால் பார்த்தார்.

நீர் இல்லை, கரி இல்லை என்று தள்ளி வைத்த அந்த ஓசை எழுப்பும் மலை? தல்லி ராஜஹரா அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1955-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. வேறொரு தேசத்து நிபுணர்கள் வந்தார்கள். தூரத்துக் கரியைக் கொண்டுவரவும், தண்ணீரைத் தேக்கிவைக்கவும் வழி செய்தார்கள். 1959-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பிலாயில் முதல் உலை தொடங்கிவைக்கப்பட்டது. அதில் கொட்டிய தாது, தோராப்ஜியும் வெல்ட்டும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிய அந்த மலையிலிருந்து வந்தது.